சாமிக்குப் பாலாலயம் உண்டு, பூக்காரிக்கு?

கடலூருக்கு மேற்கே, கெடிலம் ஆற்றங்கரையில் இருக்கிறது திருவந்திபுரம். தேவநாதசாமி கோயில், அருகே ஔஷதகிரி என்னும் சிறு குன்று, குன்றின் மேல் ஹயக்ரீவர் சன்னிதி. 108 திருப்பதிகளில் ஒன்று என்பது பக்தர்கள் அறிந்த விஷயம். தென்னார்க்காட்டு உழைப்பாளி ஜனங்கள் அறிந்த விஷயம் இன்னொன்று உண்டு. மண்டபத்துக்கு லட்சக் கணக்கில் பணம் கட்ட வக்கில்லாதவன் இங்கே வந்து தாலி கட்டலாம். முகூர்த்த நாளில் விடியற்காலையில் போய்ப் பாருங்கள். வேனிலும் டிராக்டரிலும் ஷேர் ஆட்டோவிலும் வந்து இறங்குகிற கூட்டம். ஒரே காலையில் ஒரு கல்யாணம் அல்ல, பத்து அல்ல, பல நாட்களில் நூறைத் தாண்டும். ஒரு மாப்பிள்ளை இறங்கப் படியில் அடுத்த மாப்பிள்ளை ஏறுவான். எந்த மேளம் யாருடைய மேளம் என்று தெரியாது. 2021-இல் கொரோனாக் கட்டுப்பாட்டினால் கோயில் மூடிக் கிடந்த முகூர்த்த நாளில், ஜனங்கள் திரும்பிப் போகவில்லை. கோயில் முன்னால் சாலையிலேயே நின்று தாலி கட்டிக்கொண்டார்கள்.

இந்தக் கல்யாணங்களை நடத்திவைப்பது யார்? ஐயர் அரை மணி நேரம். மீதியெல்லாம் யார்? விடியுமுன்பே கடலூர் மார்க்கெட்டில் பூ எடுத்து வந்து மாலை கட்டுகிறவள். தேங்காய், பழம், கற்பூரத் தட்டு வைத்திருப்பவர். கிணற்றில் போட உப்பும் மிளகும் வெல்லமும் பொட்டலம் கட்டி விற்கிற கிழவி. முடி எடுக்கிறவர். நாயனம், தவில். இட்லிக் கடை. செருப்புக்குக் காவல் இருப்பவர். இவர்களுக்குச் சம்பளப் பட்டியல் கிடையாது. கோயிலின் எந்தப் பதிவேட்டிலும் பூக்காரியின் பேர் கிடையாது. ஆனால் இவர்கள் ஒரு நாள் வராவிட்டால் அன்றைக்குத் திருவந்திபுரத்தில் கல்யாணம் நடக்காது.

இப்பொழுது விஷயத்துக்கு வருவோம்.

பழைய கோயிலைப் பழுது பார்க்க வேண்டுமென்றால் நம் நாட்டில் ஒரு சம்பிரதாயம் இருக்கிறது. பாலாலயம் என்று பேர். கோபுரத்தில் சாரம் கட்டுவதற்கு முன், ஒரு செங்கல்லைப் பெயர்ப்பதற்கு முன், சாமிக்கு ஏற்பாடு செய்தாக வேண்டும். மூலவரின் சக்தியைக் கும்பத்து நீரிலோ, அத்திப் பலகையில் எழுதிய உருவத்திலோ இறக்கி, பக்கத்தில் ஒரு சின்ன இடத்தில் எழுந்தருளச் செய்கிறார்கள். நித்திய பூஜை ஒரு வேளை கூட நிற்பதில்லை. விளக்கு அணைவதில்லை. வேலை முடிந்ததும் கும்பாபிஷேகம். வைஷ்ணவக் கோயிலில் சம்ப்ரோக்ஷணம் என்பார்கள். போன இடத்திலிருந்து புறப்பட்ட இடத்துக்கே சாமி திரும்பி வந்துவிடுகிறது. பன்னிரண்டு ஆண்டுக்கு ஒரு முறை என்பது வழக்கம். வழக்கந்தான், சிதம்பரத்தில் 1987-க்குப் பிறகு 2015-இல்தான் நடந்தது.

பாலாலயத்துக்கு முதல் நாள் எந்தக் கோயிலிலும் கூட்டத்தைப் பார்க்கலாம். அது ஒரு விடைபெறும் கூட்டம். இனித் திருப்பணி முடியும் வரை மூலவரைத் தரிசிக்க முடியாது என்று ஊரெல்லாம் திரண்டு வரும். வயதான பெண்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டு நிற்பார்கள். மறுபடி திறக்கும்போது நாம் இருப்போமோ இல்லையோ என்ற நினைப்பு. இந்தக் கண்ணீரை நாம் கேலி செய்யவில்லை. ஐம்பது ஆண்டு வந்து நின்ற இடம், தாலி கட்டிக்கொண்ட இடம், பிள்ளைக்கு முடி இறக்கிய இடம். அதை விட்டுப் பிரிவது யாருக்கும் வருத்தமே.

ஆனால் அதே கூட்டத்தின் ஓரத்தில், கூடையை முன்னால் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாளே பூக்காரி, அவளைப் பாருங்கள். சன்னிதி மூடினால் கூட்டம் குறையும். மண்டபத்தில் சாரம் ஏறினால் கல்யாணம் வேறு ஊரைத் தேடும். “சுற்றுப்புறத்தை அழகுபடுத்துகிறோம்” என்று கிளம்பினால் முதலில் தூக்கப்படுவது அவள் கூடை. சாமி எங்கே போகிறது, எப்போது வருகிறது என்று பஞ்சாங்கம் பார்த்து நாழிகைக் கணக்கில் எழுதியிருக்கிறது. அவள் எங்கே போவாள், எப்போது வருவாள் என்று எவன் எழுதியிருக்கிறான்?

ஒரு கோயில் நிர்வாகத்தின் மீது குற்றப்பத்திரிகை படிக்க நாம் வரவில்லை. தேவநாதசாமி கோயிலில் இன்னார் இன்னாரை விரட்டினார் என்று நாம் சொல்லவும் இல்லை. நாம் சொல்வது இதுதான்: பழைய இடம் ஒன்றைப் புதுப்பிக்கும்போது, அங்கே இருப்பவருக்கு முதலில் மாற்று இடம், இடையறாத பிழைப்பு, திரும்பி வருவதற்கு உத்தரவாதம். இந்த மூன்றையும் செய்யாமல் கல்லைத் தொடக்கூடாது என்ற நியாயத்தை இந்த நாடு அறியும். பல நூறு ஆண்டுகளாக அறியும். அறிந்து, அதைக் கல்லுக்கும் செம்புக்கும் மட்டும் வைத்துக்கொண்டது.

மூர் மார்க்கெட்டை மறந்துவிட்டீர்களா?

சென்னை சென்ட்ரல் ஸ்டேஷனுக்குப் பக்கத்தில் மூர் மார்க்கெட் என்று ஒன்று இருந்தது. 1898-இல் அஸ்திவாரம் போட்டு 1900-இல் திறந்தது. பழைய புத்தகம், பழைய கிராமபோன் தட்டு, பழைய கடிகாரம், கிளி, முயல், கிழிந்த சட்டை, எதுவும் கிடைக்கும். படிக்க வசதியில்லாத எத்தனையோ ஏழைப் பிள்ளைகளுக்கு அதுதான் சர்வகலாசாலை. ரயில்வேக்கு அந்த இடம் வேண்டியிருந்தது. வியாபாரிகள் காலி செய்ய மறுத்தார்கள். 1985 மே 30-இல் மார்க்கெட் எரிந்தது. இன்று அந்த இடத்தில் புறநகர் ரயில் நிலையம் நிற்கிறது. கடைக்காரர்கள் அல்லிக்குளத்துப் பக்கம் போனார்கள். மார்க்கெட்டின் நினைவாக ஒரு சின்ன மாதிரிக் கட்டிடம் செய்து ரயில் நிலையத்து முன்னால் வைத்திருக்கிறார்கள்.

கவனியுங்கள். செங்கல்லுக்கு மாதிரி உண்டு. அந்தச் செங்கல்லின் நிழலில் பிழைத்தவனுக்கு மாதிரி எங்கே? கட்டிடத்தைப் பற்றி உருகி உருகிப் பேசுகிறவர்கள் இன்றைக்கும் இருக்கிறார்கள். அதன் வளைவு அழகு, அதன் சிவப்பு அழகு என்கிறார்கள். அதற்குள் உட்கார்ந்து பழைய புத்தகத்தைத் தூசி தட்டி நாலணாவுக்குக் கொடுத்தவனின் பேரைக் கேட்டால் முகட்டைப் பார்க்கிறார்கள். விடைபெறும் கூட்டம், போட்டோ, பழைய நினைவுகள், ஒரு டீ, ஒரு வடை. இந்த மாதிரிக் கூட்டங்களில் நமக்கு ஆட்சேபணை இல்லை, வடையிலும் இல்லை. ஆனால் அழைப்பிதழில் யார் பேர் போட்டிருக்கிறது என்று பார்க்கிறோம். இருந்தவன் பேர் இருக்காது. வந்துபோனவன் பேர்தான் இருக்கும்.

கடலூரிலிருந்து அரை மணி, முக்கால் மணிப் பஸ் தூரத்தில் புதுச்சேரி. அங்கே குபேர் அங்காடி, ஜனங்கள் வாயில் பெரிய மார்க்கெட். அதை இடித்துப் புதிதாகக் கட்டப் போகிறோம், அதுவரை ஏ.எஃப்.டி. ஆலைத் திடலுக்குப் போங்கள் என்றார்கள். வியாபாரிகள் என்ன கேட்டார்கள்? கட்டாதே என்றா கேட்டார்கள்? பகுதி பகுதியாகக் கட்டு, எங்களை மொத்தமாகக் கிளப்பாதே என்று கேட்டார்கள். கடையடைத்துப் போராடினார்கள். ஏன் இந்த அவநம்பிக்கை என்று சில பத்திரிகைகள் ஆச்சரியப்பட்டன. அந்தத் திடலின் சரித்திரத்தையே கேட்டிருக்கலாமே! புதுவையின் பெரிய பஞ்சாலைகளில் ஒன்று ஏ.எஃப்.டி.; 2020-இல் இழுத்து மூடப்பட்டது. அந்த ஆலைத் தொழிலாளிக்கு எத்தனை வாக்குறுதி கொடுத்தார்கள் என்று மீன் விற்கிறவளுக்கும் காய் விற்கிறவருக்கும் நன்றாகத் தெரியும். அவர்களும் அந்தத் தெருக்காரர்கள்தானே.

“தற்காலிகம்” என்ற வார்த்தை

கடலூர்க் கடற்கரை ஜனங்களிடம் போய் “தற்காலிகம்” என்று சொல்லிப் பாருங்கள். 2004 டிசம்பர் 26-இல் சுனாமி அடித்தது. தார் பூசிய அட்டையில் கொட்டகை போட்டுக் கொடுத்தார்கள். தற்காலிகம் என்றார்கள். மார்ச் மாத வெயிலில் அந்தக் கொட்டகைக்குள் கைக்குழந்தையோடு உட்கார்ந்தவர்களைக் கேளுங்கள், தற்காலிகத்தின் நீளம் எவ்வளவு என்று சொல்வார்கள்.

இதிலும் சாமியின் கதை வேறு. பாலாலயத்துக்குப் பழைய தமிழில் இளங்கோயில் என்று பேர். பேரளத்துக்குப் பக்கத்தில் திருமீயச்சூர் இருக்கிறது. பெரிய கோயிலுக்குத் திருப்பணி நடந்தபோது எழுந்த இளங்கோயில், வேலை முடிந்த பிறகும் அப்படியே நின்றுவிட்டது என்கிறார்கள். அப்பர் பாடிய தனித் தலமாக இன்றும் அதே மதிலுக்குள் இருக்கிறது. சாமிக்குத் தற்காலிகம் நிரந்தரமானால் இரண்டு கோயில். மனிதனுக்குத் தற்காலிகம் நிரந்தரமானால் இரண்டு வீடும் இல்லை!

சென்னையிலே குடிசை மாற்று வாரியம் கட்டிய பழைய அடுக்கு வீடுகள் இருக்கின்றன. வாரியம் 1970-இல் வந்தது. 2021-இல் நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம் என்று பேர் மாற்றினார்கள். அந்த வீடுகளில் பல இன்று இடிந்து விழும் நிலை. 2021 டிசம்பர் 27-இல் திருவொற்றியூரில் ஒரு கட்டிடம், 24 வீடுகள், கண்ணெதிரே சரிந்தது. விரிசலைக் கண்டு முன்கூட்டியே ஜனங்கள் வெளியே ஓடிவந்ததால் உயிர்கள் பிழைத்தன. ஆகவே இடித்துக் கட்டத்தான் வேண்டும். இதில் இரண்டு கருத்துக்கு இடமில்லை. புதுப்பிப்பதை எதிர்க்கிறார்கள், அபிவிருத்திக்குக் குறுக்கே நிற்கிறார்கள் என்று நம்மைப் பார்த்துச் சொல்கிற பிரமுகர்கள் இதைத் தயவு செய்து இரண்டு முறை படிக்கட்டும். பழைய சுவரைக் கட்டிப்பிடித்துக்கொண்டு அழுகிறவர்கள் நாம் அல்ல. அந்தச் சுவர் விழுந்தால் சாகப்போவது நம்மவர்கள்.

ஆனால் காலி செய்யும் குடும்பத்துக்கு என்ன கொடுக்கிறார்கள்? முன்பு 8,000 ரூபாய். இப்போது 24,000 ரூபாய் கருணைத் தொகை. உயர்த்தியது நல்லதே, கணக்கையும் போட்டுப் பார்த்துவிடுவோம். ஒன்றரை ஆண்டில் புது வீடு தயாராகிவிடும் என்றே வைத்துக்கொள்ளுங்கள். மாதத்துக்கு 1,333 ரூபாய். சென்னைப் பட்டணத்தில் 1,333 ரூபாய்க்கு எந்தத் தெருவில் வீடு கிடைக்கும்? வீடு வேண்டாம், சைக்கிள் நிறுத்த இடம் கிடைக்குமா? வேலை இரண்டு ஆண்டு, மூன்று ஆண்டு என்று நீண்டால் அந்த 1,333-ம் கரைந்து போகும். அதற்குக் கருணைத் தொகை என்று பேர் வேறு! ஒருவன் தன் வீட்டை விட்டு உங்கள் வேலைக்காக வெளியேறுகிறான். அவனுக்குக் கொடுப்பது கடனா, உரிமையா, கருணையா? பாலாலயத்தில் சாமிக்கு நைவேத்தியம் வைப்பதைக் கருணை என்று எந்த அதிகாரியாவது கணக்கெழுதியதுண்டா?

இப்படித்தான் நடக்கும், வேறு வழியில்லை என்பார்கள். பம்பாயைப் பாருங்கள். 1920-களில் வெள்ளைக்காரன் கட்டிய பி.டி.டி. சால்கள். மொத்தம் 207 கட்டிடம். அறை ஒன்றுக்கு 160 சதுர அடி. ஆலைத் தொழிலாளியும், முனிசிபல் தொழிலாளியும், போலீஸ்காரனும் மூன்று தலைமுறை அந்த அறைக்குள் பிறந்து வளர்ந்தார்கள். நகரத்தின் நடுவே தங்கம் விளையும் மண். அதை இடித்துக் கட்டும் திட்டம் வந்தபோது குடியிருப்போர் கையெழுத்தான ஒப்பந்தம் கேட்டார்கள். எந்த இடம், எத்தனை அடி, எப்போது என்பதைக் காகிதத்தில் கேட்டார்கள். அவசரக்காரர்கள் திட்டினார்கள், வேலை தாமதமாகிறது என்றார்கள். முடிவு என்ன? அதே மண்ணில் 500 சதுர அடி வீடு. இடைக்காலத்துக்கு மாற்று இடம், அல்லது வாடகைக்கு மாதம் 25,000 ரூபாய். 2025 ஆகஸ்டில் வர்ளியில் முதல் 556 குடும்பத்துக்குச் சாவி கொடுத்தார்கள். சென்னையில் மொத்தமாகக் கொடுக்கிற தொகையை விடப் பம்பாயில் ஒரு மாதத்துக்குக் கொடுப்பது அதிகம்! பம்பாய் வாடகை வேறு, சென்னை வாடகை வேறு என்பது நமக்கும் தெரியும். பதினெட்டு மடங்கா வேறு?

மகாராஷ்டிர சர்க்காருக்கு மனம் இளகி இது நடந்தது என்று யாரும் எண்ண வேண்டாம். அந்தச் சால்களில் பல பத்தாண்டு சங்க வாழ்க்கை இருந்தது. பேசத் தெரிந்தவர்கள், கூடத் தெரிந்தவர்கள். விடைபெறுவதற்காகக் கூடுவதற்கு முன்பே அவர்கள் பேரம் பேசுவதற்காகக் கூடியவர்கள்.

சட்டம் என்ன சொல்கிறது?

சட்டத்தைக் காட்டுங்கள் என்று கேட்பவர்களுக்குச் சட்டத்தையே காட்டுகிறோம். 2014-ஆம் ஆண்டுத் தெரு வியாபாரிகள் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. இடம் மாற்ற வேண்டுமானால் 30 நாள் நோட்டீஸ். கணக்கெடுப்பு முடியாமல் எவரையும் அகற்றக்கூடாது. வியாபாரக் குழுவில் குறைந்தது நூற்றுக்கு 40 பேர் வியாபாரிகளாகவே இருக்க வேண்டும். ஐம்பது ஆண்டுக்கு மேல் ஒரே இடத்தில் நடக்கும் சந்தையைப் பாரம்பரியச் சந்தை என்று அறிவிக்க வேண்டும். அங்கிருந்து வியாபாரியைக் கிளப்பக்கூடாது. இவ்வளவும் அச்சில் இருக்கிறது. கோபுரத்தைப் பாரம்பரியம் என்று அறிவிக்கத் துடிக்கிற எத்தனை அதிகாரிகளுக்கு, கோபுர வாசலில் இருக்கும் பூக்கடைத் தெருவும் சட்டப்படி பாரம்பரியம் ஆகலாம் என்பது தெரியும்?

இதிலும் ஓட்டை உண்டு. இந்தச் சட்டம் நகரத்து வியாபாரிக்கு. ஊராட்சி எல்லைக்குள் கூடை வைத்திருப்பவளுக்கு அதுவும் கிடையாது. கோயில் நிலம் என்றால் 1959-ஆம் ஆண்டு அறநிலையச் சட்டத்தின் 78-ஆம் பிரிவு தயாராக இருக்கிறது. அதில் அவளுக்கு ஒரே ஒரு பேர்தான் கிடைக்கும், ஆக்கிரமிப்பாளர். முப்பது ஆண்டாக அவள் கட்டிய மாலை சாமி கழுத்தில் ஏறும்போது அவள் பக்தை. கூடையை நகர்த்தச் சொல்லும்போது ஆக்கிரமிப்பாளர்.

“ஆகமம் வேறு, நிர்வாகம் வேறு, கோயிலைச் சுற்றிப் பிழைப்பவர்களுக்கெல்லாம் அறநிலையத் துறை பொறுப்பாகுமா?” என்று ஒரு கேள்வி வரும். ஏன் ஆகாது? 2021-இல் இதே சர்க்கார், முடி காணிக்கைக்குக் கட்டணம் இல்லை என்று அறிவித்தது. முடி எடுக்கும் தொழிலாளிக்கு மாதம் 5,000 ரூபாய் கொடுக்கிறோம் என்றது. கொரோனா காலத்தில் நிரந்தரச் சம்பளம் இல்லாத அர்ச்சகர்களுக்கும் கோயில் பணியாளர்களுக்கும் 4,000 ரூபாயும் 10 கிலோ அரிசியும் கொடுத்தது. இரண்டையும் வரவேற்கிறோம். கோயில் மூடினால் அடுப்பு அணைகிறவர்கள் இருக்கிறார்கள் என்று சர்க்கார் தன் கையால் எழுதிக் கொடுத்த சாட்சியம் அது. மதிலுக்கு உள்ளே இருக்கும் அடுப்புக்கு ஒரு நியாயம், மதிலுக்கு வெளியே பத்தடி தள்ளி இருக்கும் அடுப்புக்கு வேறு நியாயமா?

பணம் இல்லை என்ற பேச்சு நம்மிடம் எடுபடாது. திருப்பணிக்குக் கோடிக் கணக்கில் மதிப்பீடு போடுகிறார்கள். ராஜகோபுர வர்ணத்துக்கு இவ்வளவு, கலசத்துக்கு இவ்வளவு, யாகசாலைப் பந்தலுக்கு இவ்வளவு, பிரமுகர்களின் மேடைக்கு இவ்வளவு. அதே மதிப்பீட்டில் ஒரு வரி சேர்த்தால் போதும்: வேலை நடக்கும் காலத்தில் கடைக்காரர்களுக்கும் தொழிலாளர்களுக்கும் மாற்று இடம், இழந்த வருமானத்துக்கு ஈடு. கலசத்துக்குப் பூசும் தங்கம் குறைந்துவிடாது.

பாலாலயம் நீண்டுகொண்டே போனால் பக்தர்கள் சும்மா இருப்பதில்லை. சாமியைச் சின்ன அறையில் வைத்து எத்தனை ஆண்டு என்று மனுக் கொடுக்கிறார்கள், கோஷம் போடுகிறார்கள். போடட்டும், அது அவர்கள் உரிமை. அந்தப் பக்தர்களையும் கேட்டுக்கொள்கிறோம்: அடுத்த மனுவில் உங்களுக்குப் பூக் கொடுத்தவளையும் சேர்த்து எழுதுங்கள்.

கோரிக்கை பெரிதல்ல. எந்தக் கோயிலானாலும், மார்க்கெட்டானாலும், பஸ் ஸ்டாண்டானாலும், வாரியத்து வீடானாலும், வேலை தொடங்குமுன் அங்கே பிழைப்பவர், குடியிருப்பவர் அத்தனை பேரின் பட்டியலும் எடுக்க வேண்டும். அதை அவர்கள் முன்னிலையில் படித்துக் காட்ட வேண்டும். மாற்று இடம் தயாராகிக் கண்ணால் பார்த்த பிறகே பழைய இடத்தின் பூட்டைத் தொட வேண்டும். திரும்பி வரும் தேதியை எழுதிக் கையெழுத்திட்டுக் கொடுக்க வேண்டும். தேதி தவறினால் நாள் கணக்கில் ஈடு கட்ட வேண்டும். பட்டியலைப் பூட்டி வைக்கக்கூடாது.

பாலாலயத்துக்கு நாள் குறித்தால் கோயில் வாசலில் மஞ்சள் நோட்டீஸ் ஒட்டுவார்கள். இன்ன தேதி, இன்ன நாழிகையில் சாமி எழுந்தருளும் என்று இருக்கும். அந்த நோட்டீசுக்குப் பக்கத்தில், அதே பசையால், அதே அளவு எழுத்தில் இந்தப் பட்டியலும் ஒட்டப்பட வேண்டும். முதல் பேர் பூக்காரியுடையதாக இருக்கட்டும். படிக்கத் தெரியாதவர்களுக்குப் பக்கத்துக் கடைப் பையன் உரக்கப் படித்துச் சொல்வான்.